கியர்பாக்ஸ் இறங்கிய சனிக்கிழமை

புதன்கிழமை காலை ஆறே முக்கால் மணிக்கு, ஆஸ்பத்திரிக்குப் போகும் மேட்டுச் சாலையின் பாதியில், சிக்னல் பச்சைக்கு மாறியது. பல்லக்கா முதல் கியரைப் போட்டு, கை பிரேக்கை இறக்கி, ஆக்சிலேட்டரை மிதித்தாள். என்ஜின் உறுமியது. கார் மட்டும் முன்னால் போகவில்லை. ஒரு கணம் அப்படியே நின்றுவிட்டு, யாரோ பின்னாலிருந்து இழுப்பதுபோல மெதுவாகப் பின்பக்கம் நகர ஆரம்பித்தது.

பின்னால் பால் வண்டி ஒன்று நின்றிருந்தது. அதன் ஹாரன் விடாமல் அலறியது. அவள் பிரேக்கை மிதித்து நிறுத்தி மறுபடி முயன்றாள். மறுபடியும் உறுமல்தான். கூடவே, எதுவோ தீய்ந்த நாற்றம் காருக்குள் ஏறியது.

பக்கத்து இருக்கையில் அவளுடைய தம்பி உட்கார்ந்திருந்தான். இடது கையை மடியில் தனியாக வைத்துக்கொண்டு, தலையைத் திருப்பிப் பின்கண்ணாடி வழியே பார்த்தான்.

"பதறாதக்கா. பால் வண்டிக்கும் நமக்கும் நடுவுல இன்னும் எடம் இருக்கு."

"எவ்வளவு இருக்கு?"

"அத நீ கேக்காம இருந்தா நல்லது."

மூன்றாம் முறை, ஆக்சிலேட்டரைத் தொட்டும் தொடாமலும் மிதித்தபோது கார் நோயாளி மாடி ஏறுவதுபோல ஏறியது. ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி இறங்கியதும் அவள் குனிந்து காருக்கு அடியில் முகர்ந்து பார்த்தாள்.

பொய்ப்பல் செய்வதுதான் அவள் தொழில். வீட்டின் பின்னறையில் ஒரு நீளமான மேசை, மெழுகு உருக்கும் சிறிய அடுப்பு, தேய்க்கும் மோட்டார், இழுப்பறை நிறையப் பற்கள். ஊரிலுள்ள ஏழெட்டுப் பல் டாக்டர்கள் நோயாளிகளின் வாயில் எடுத்த அச்சை அனுப்புவார்கள். அதைப் பார்த்து அவள் பல்செட் செய்து, தன் பழைய காரில் கொண்டுபோய்க் கொடுப்பாள். இருபது வருடமாக இதே வேலை. அதனால் தெரு முழுக்க அவள் பல்லக்கா. "பல்லக்குல போறவங்களுக்கு வரவேண்டிய பேரு. நமக்கு இந்த டப்பா கார்தான்" என்று தம்பி கிண்டல் செய்வான்.

தம்பி அச்சகத்தில் பிழை திருத்துபவனாக இருந்தவன். இரண்டு வருடத்துக்கு முன் அவனுடைய சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டுவிட்டன. அன்றிலிருந்து திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், மெஷின் அவன் ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது. அதற்காக இடது முன்கையில் இரண்டு ரத்தக்குழாய்களை ஒன்றாக இணைத்து அறுவை செய்திருக்கிறார்கள். அந்த இடத்தில் விரல் வைத்தால் உள்ளே விடாமல் ஓர் அதிர்வு தெரியும். பூனை மடியில் படுத்து உறுமுவதுபோல இருக்கும். அவன் அதற்குப் பூனை என்றே பெயர் வைத்திருந்தான். பூனை உறுமினால் எல்லாம் சரி. அந்தக் கையால் கனமான எதையும் தூக்கக்கூடாது, அதன்மேல் எதுவும் அழுத்தக்கூடாது, கைக்கடிகாரம்கூடக் கட்டக்கூடாது. பூனை நின்றுவிட்டால் கழுத்தில் குழாய் போட வேண்டியிருக்கும். மறுபடி அறுவை, மறுபடி மாதக்கணக்கில் காத்திருப்பு.

மெஷினிலிருந்து வெளியே வரும்போது அவன் பிழிந்துபோட்ட துணி மாதிரி இருப்பான். முதல் மாதம் வாடகைக் காரில்தான் வந்துபோனார்கள். ஒருநாள் திரும்பும் வழியில் அவன் வாந்தி எடுத்துவிட்டான். ஓட்டுநர் நடுரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டான். கொளுத்தும் வெயிலில், ஒரு பூட்டிய கடையின் படியில் தம்பியைச் சாய்த்து வைத்துக்கொண்டு அவள் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அன்றே முடிவு செய்தாள், இனி என் கார்தான் என்று.

வியாழக்கிழமை காரை மேடில்லாத வழியாகச் சுற்றி ஓட்டிக்கொண்டு கராஜுக்குப் போனாள். அந்தக் கராஜ்காரருக்குத் தெருவில் மூணாம்நாள்காரர் என்று பெயர். எந்த வண்டியைக் கொண்டுபோனாலும் 'மூணாம் நாள் வாங்க' என்பார், மூணாம் நாள் போனால் வேலை முடிந்திருக்காது. அவர் உள்ளே உட்கார்ந்து, கை பிரேக்கை இழுத்துவிட்டு, மூன்றாம் கியர் போட்டுக் கிளட்ச்சைச் சட்டென்று விட்டார். என்ஜின் கவலையில்லாமல் ஓடிக்கொண்டே இருந்தது.

"பாத்தீங்களா? இப்ப என்ஜின் ஆஃப் ஆயிருக்கணும். ஆகல. கிளட்ச் டிஸ்க் தேஞ்சு, புடிமானமே இல்ல. கியர்பாக்ஸ எறக்கித்தான் மாத்தணும்." இறங்கிக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "கிளட்ச் மேலயே கால வச்சுக்கிட்டு ஓட்டுவீங்களோ? லேடீஸ் எல்லாரும் அப்படித்தான்."

அவள் அப்படித்தான் ஓட்டினாள். அந்த மேட்டில் கார் பின்னால் போய்விடுமோ என்ற பயத்தில் கால் எப்போதும் கிளட்ச்சின் மேலேயே இருக்கும். ஆனால் அதை அந்த 'எல்லாரும்' என்ற சொல்லோடு கேட்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

"எத்தனை நாளாகும்?"

"ஆறு நாள். முன்னாடி நாலு வண்டி நிக்குது."

மூணாம்நாள்காரரே ஆறு நாள் என்றால் அது பத்து நாள். கூலியையும் சொன்னார். சாமானின் விலையைப்போல இரண்டு மடங்கு. அவள் யோசித்துச் சொல்வதாகக் கிளம்பினாள்.

பத்து நாள் வாடகைக் காரில் போயிருக்கலாம். கூலியையும் கொடுத்திருக்கலாம், கொஞ்சம் இறுக்கிப் பிடித்தால் முடியாத தொகை இல்லை. பிற்பாடு அவளே இதைச் சொன்னாள். ஆனால் அன்று இரவுச் சாப்பாட்டின்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே, "நானே மாத்தறேன்" என்றாள்.

அவளுடைய வீட்டுக்காரர் குடிநீர் அலுவலகத்தில் பழைய கோப்புகளைப் பார்த்துக்கொள்பவர். எந்தக் காரியத்திலும் கடைசியில் என்ன கெடுதல் வரும் என்பதை முதலில் பார்த்துவிடுவார்.

"பிரேக் மாத்தினே, பெல்ட் மாத்தினே, சரி. இது கியர்பாக்ஸ். அது ஒன் மேல விழுந்தா?"

"ஜாக்கி வைப்பேன்."

"கார் விழுந்தா?"

"ரெண்டு பக்கமும் ஸ்டாண்டு வைப்பேன்."

"ரெண்டு ஸ்டாண்டும் சரிஞ்சா?"

"நீங்க ரெண்டாம் கல்யாணம் பண்ணிக்கங்க."

"இந்த முட்டியோடயா?" என்றார் அவர், வலிக்கும் முழங்காலைத் தடவிக்கொண்டே. அவர் கேட்டது நிஜமான சந்தேகம்போல இருந்தது. தம்பி மட்டும் சிரித்தான்.

வெள்ளிக்கிழமை மேட்டைச் சுற்றி மெதுவாக ஓட்டிப் போனாள். மெஷின் முடிந்து வரும் வழியில் டிஸ்க், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், பேரிங் மூன்றையும் ஒரே பெட்டியாக வாங்கினாள். காரின் பழைய கையேட்டைத் தம்பி இரண்டு முறை படித்து, பென்சிலால் பிழை திருத்தி வைத்திருந்தான். "பதினெட்டாம் பக்கத்துல 'கழற்றவும்'னு போடவேண்டிய எடத்துல 'பொருத்தவும்'னு போட்டிருக்கான். இத நம்பி வேலை பாத்தவன் கதி என்ன ஆயிருக்கும்?"

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வீட்டு முன்னால் இருந்த சிமெண்ட் தரையில் ஆரம்பித்தார்கள். தம்பிக்கு ஒரு ஸ்டூல், கையேடு, குடிப்பதற்கு அளந்து வைத்த தண்ணீர். எதையும் தொடக்கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அவன் ஒவ்வொரு வரியாகப் படித்தான். அவள் கழற்றினாள். வீட்டுக்காரர், அவள் கேட்ட ஸ்பேனருக்குப் பக்கத்து ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தார்.

பேட்டரி கழன்று வந்தது. ஸ்டார்ட்டர் மோட்டார் வந்தது. கியர் எண்ணெய் கறுப்பாக வழிந்து தட்டில் நிறைந்தது. சக்கரத்துக்குப் போகும் தண்டுகள் இரண்டும் வெளியே வந்தன. என்ஜின் கீழே தொங்கிவிடாமல் இருக்க, காரின் குறுக்கே ஒரு மரச்சட்டத்தைப் போட்டுச் சங்கிலியால் கட்டினாள். கழற்றிய போல்ட்டுகளைப் பல்செட் வைக்கும் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் டப்பிகளில் போட்டு, நோயாளி பெயர் எழுதும் இடத்தில் எது எங்கிருந்து வந்தது என்று எழுதினாள்.

 கழற்றக் கழற்ற, இது திரும்பிப் போக முடியாத வழி என்று தெரிந்தது. பத்து மணிக்கு நிறுத்தியிருந்தால் எல்லாவற்றையும் திரும்ப மாட்டிவிட்டுக் கராஜுக்கே போயிருக்கலாம். பன்னிரண்டு மணிக்கு மேல் அது கார் இல்லை, உதிரி.

நாலு மணிக்குக் கியர்பாக்ஸ் இறங்கியது. ஓர் ஆள் கட்டிப்பிடிக்கும் அளவுக்கு இருந்தது. ஜாக்கியின் மேல் பலகை வைத்து, அவளும் வீட்டுக்காரரும் இரண்டு பக்கமும் படுத்துக்கொண்டு, அங்குலம் அங்குலமாக இறக்கித் தரையில் வைத்தார்கள். பழைய டிஸ்க்கைக் கையில் எடுத்துப் பார்த்தாள். தேய்ந்து, பிடித்து வைத்திருந்த ஆணிகளின் தலை பளபளத்தது. தேய்ந்த பல் மாதிரிதான் இருந்தது. புதிய டிஸ்க்கை வைத்து, மேலே பிரஷர் பிளேட்டைப் பூட்டினாள். டிஸ்க் மிகச் சரியாக நடுவில் இருந்தால்தான் கியர்பாக்ஸின் தண்டு அதன் ஓட்டைக்குள் நுழையும் என்று கையேடு சொன்னது. நடுவில் நிறுத்த ஒரு தனிக் கருவி வேண்டும் என்றும் சொன்னது. அவளிடம் கருவி இல்லை. ஓர் இரும்புக் கம்பியில் டேப்பைச் சுற்றிக் கனமாக்கி, அதை நுழைத்து, கண்ணால் பார்த்து நடுவாக்கினாள்.

"சரியா இருக்கா?" என்றான் தம்பி.

"சரியாத்தான் இருக்கு."

அந்தத் 'தான்' அவளுக்கே பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கியர்பாக்ஸை ஏற்ற ஆரம்பித்தார்கள். இறக்குவதைவிட ஏற்றுவது பத்து மடங்கு கஷ்டம் என்று கையேட்டில் இல்லை. ஜாக்கியால் உயர்த்தி, இடது பக்கம் அவளும் வலது பக்கம் வீட்டுக்காரரும் பிடித்துக்கொண்டு என்ஜினோடு சேர்த்துத் தள்ளினார்கள். உள்ளே போனது. ஒரு விரல் இடைவெளி பாக்கி இருக்கும்போது நின்றுவிட்டது. ஆட்டினார்கள், திருப்பினார்கள். போகவில்லை. ஒரு மணி நேரம். இரண்டு மணி நேரம். வீட்டுக்காரரின் கைகள் நடுங்குவது கியர்பாக்ஸ் வழியாகவே அவளுக்குத் தெரிந்தது.

"கொஞ்சம் எறக்கி வச்சிட்டு மூச்சு வாங்கலாம்" என்றார் அவர்.

"ஒரு தடவை. கடைசியா ஒரே ஒரு தடவை."

அவள் அழுத்தித் தள்ளினாள். அடியிலிருந்த பலகை எண்ணெயில் வழுக்கியது. கியர்பாக்ஸ் ஜாக்கியிலிருந்து புரண்டு, மல்லாந்து படுத்திருந்த அவர் மார்பை நோக்கிச் சாய்ந்தது.

அவர் சத்தம் போடவில்லை. போட நேரமில்லை. ஸ்டூல் கவிழும் சத்தம்தான் கேட்டது. தம்பி முட்டிபோட்டு, இரண்டு கைகளையும் காருக்கு அடியில் நீட்டித் தாங்கிக்கொண்டிருந்தான். கியர்பாக்ஸின் விளிம்பு அவன் இடது முன்கையை இரும்புச் சட்டத்தோடு சேர்த்து அழுத்தியிருந்தது. மூன்று நொடியோ நாலு நொடியோ. அதற்குள் அவள் ஜாக்கியை இழுத்து அடியில் கொடுத்தாள். வீட்டுக்காரர் உடம்பைச் சுருட்டிக்கொண்டு வெளியே உருண்டார். கியர்பாக்ஸ் பொத்தென்று தரையில் இறங்கியது.

தம்பி தரையில் உட்கார்ந்து இடது கையைப் பார்த்தான். தோல் கிழியவில்லை. சிவப்பாக ஒரு கோடு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதைச் சுற்றி வீங்கியது.

"பூனை இருக்கா?" என்றாள் அவள்.

அவன் வலது கை விரல்களை வைத்தான். கண்ணை மூடினான். திறந்தான். விரலைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தான்.

"தெரியலக்கா."

அவளும் தொட்டுப் பார்த்தாள். அவள் விரல்களில் இருந்த நடுக்கத்தில் எது அவன் கை, எது தன் கை என்றே தெரியவில்லை. காரில் ஏற்றலாம் என்று எழுந்தாள். நாலு டப்பியும் ஒரு கியர்பாக்ஸும் தரையில் கிடந்தன.

வாடகைக் கார் வரப் பதினொரு நிமிடம் ஆனது.  வழி முழுக்க அவள் மனசு ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது: கராஜுக்குக் குடுத்திருந்தா, கராஜுக்குக் குடுத்திருந்தா. மேட்டைத் தாண்டும்போது வீட்டுக்காரர் தம்பியின் தோளில் கை வைத்து, "என் மேல விழுந்திருக்கும், மாப்ள" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஒரே ஒரு டாக்டர் இருந்தார். ஸ்கேன் கருவியைக் கையின் மேல் வைத்து நகர்த்தினார். திரையில் சாம்பல் நிறப் புகை மாதிரி ஏதோ தெரிந்தது. பெட்டியிலிருந்து ஒரு 'ஷ்... ஷ்...' சத்தம் வந்தது. அது நல்ல சத்தமா கெட்ட சத்தமா என்று தெரியாமல் அவள் டாக்டரின் முகத்தையே பார்த்தாள்.

"ரத்தம் ஓடுது. ஆனா சுத்தி ரத்தம் கட்டி வீங்கியிருக்கு. கைய ஒசத்தியே வச்சிருங்க. நாளைக்குக் காலையில வீக்கத்தப் பாத்துட்டுத்தான் ஊசி போடலாமா வேண்டாமான்னு சொல்ல முடியும்."

"போட முடியலன்னா?"

"கழுத்துல கொழாய் போடணும்" என்றார் டாக்டர். பிறகு மூன்று பேரின் கைகளிலும் இருந்த கறுப்பு எண்ணெயைப் பார்த்தார். "என்னதான் பண்ணிட்டிருந்தீங்க?"

"கிளட்ச் மாத்திட்டிருந்தோம்" என்றான் தம்பி.

"கராஜ் எதுவும் இல்லியா?"

பல்லக்கா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

வீடு திரும்பியபோது மணி இரண்டரை. தம்பியைப் படுக்க வைத்து, கைக்குக் கீழே இரண்டு தலையணை வைத்தாள். வெளியே வந்து காரைப் பார்த்தாள். அதை அப்படியே விட்டுவிட்டு எங்கேயாவது போய்விட வேண்டும்போல இருந்தது. பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு கராஜுக்கு நடந்தாள்.

கராஜ் பூட்டியிருந்தது. மூணாம்நாள்காரர் அதன் மாடியில்தான் குடியிருந்தார். கதவைத் திறந்தவர் அவள் கோலத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார்.

"கழட்டிட்டீங்களா?"

"கழட்டிட்டேன். மாட்ட முடியல. நீங்க வந்து முடிச்சுக் குடுங்க. கூலி முழுசாவே வாங்கிக்கங்க."

"அடுத்தவங்க கழட்டினத நான் மாட்டறதில்ல. நாளைக்கு ஒரு போல்ட் காணோம்னா என்னத்தான் கேப்பீங்க." கதவைச் சாத்தப் போனவர், நின்றார். "எவ்வளவு உள்ள போச்சு?"

"ஒரு விரல்தான் பாக்கி."

"அப்ப டிஸ்க் நடுவுல இல்ல. இல்லன்னா பக்கம் மாத்திப் போட்டிருக்கீங்க. போல்ட்டப் போட்டு முறுக்கி இழுக்கலியே?"

"இல்ல."

"இழுத்திருந்தா புது டிஸ்க் அப்பவே போயிருக்கும். நல்ல வேளை." அவர் யோசித்தார். "நடுவாக்கறதுக்கு ஒரு கருவி வச்சிருந்தேன். ஒருத்தன் வாங்கிட்டுப் போனான், போனவன் போனவன்தான். இப்பல்லாம் நான் கண்ணாலயே பாத்துருவேன்."

"நானும் கண்ணாலதான் பாத்தேன்."

"அது ஒங்க கண்ணு" என்றார் அவர்.

ஆனால் கீழே இறங்கி வந்து கராஜைத் திறந்து, கியர்பாக்ஸ் ஏற்றுவதற்கென்றே செய்த, நாலு சக்கரம் வைத்த ஜாக்கியை வெளியே தள்ளிக்கொடுத்தார். நாள் கணக்கில் வாடகை கேட்டார். அவள் பேரம் பேசவில்லை. தெரு முழுக்க அதை உருட்டிக்கொண்டு வந்தாள். இப்படி ஒரு சாமான் உலகத்தில் இருப்பது தெரிந்தும் பலகையை வைத்து ஒப்பேற்றினாயே என்று ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் அது கடகடவென்று சொல்லிக்கொண்டே வந்தது.

கண் போதாது என்று தெரிந்துவிட்டது. அச்சு வேண்டும். அச்சு எடுப்பதுதானே இருபது வருடமாகத் தன் பிழைப்பு என்பது தெருமுனை திரும்பும்போதுதான் அவளுக்கு உறைத்தது.

பின்னறையிலிருந்து பல் அச்சு எடுக்கும் பசையைக் கொண்டுவந்தாள். தரையில் கிடந்த கியர்பாக்ஸின் தண்டைத் துடைத்து, வாஸ்லின் தடவி, பசையைப் பிசைந்து அதன் நுனி முழுக்க அழுத்தினாள். பசை இறுகியதும் மெதுவாக உருவினாள். உள்ளே தண்டின் வரிவரியான பள்ளங்கள் அத்தனையும் அப்படியே பதிந்திருந்தன. அந்தக் குழிக்குள், பல்செட்டின் ஈறு செய்யும் அக்ரிலிக்கைக் கரைத்து ஊற்றினாள். அக்ரிலிக் காயும்போது துளி சுருங்கும். பல் வேலையில் அந்தச் சுருக்கத்தோடுதான் தினமும் சண்டை. இன்றைக்கு அதுதான் வேண்டியிருந்தது. தண்டைவிட ஒரு மயிரிழை மெலிந்த, ஆனால் அதே வடிவமுள்ள கட்டை.

முக்கால் மணி நேரம் கழித்து உடைத்து எடுத்தபோது அது ஈறு நிறத்தில், இளஞ்சிவப்பாக இருந்தது. அறைக் கதவருகே, கையை நெஞ்சுக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி தம்பி நின்றிருந்தான்.

"போய்ப் படுடா."

"காருக்குப் பல்லு கட்டறியா?"

"படுன்னு சொன்னேன்ல."

"போறேன். பூனை கொஞ்சம் உறுமற மாதிரி இருக்குக்கா. இல்ல நானா நெனைக்கறேனான்னு தெரியல. வந்து தொட்டுப் பாரேன்."

அவள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து தொட்டாள். வீக்கத்துக்கு அடியில், தூரத்தில், எதுவோ இருந்தது. இருந்ததா, இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாளா என்று அவளுக்கும் தெரியவில்லை. "இருக்கு" என்றாள்.

பிரஷர் பிளேட்டைத் தளர்த்தியபோது உள்ளே டிஸ்க்கின் எழுத்துகள் கையேட்டில் சொன்ன பக்கமே பார்த்திருந்தன. பக்கம் மாறவில்லை. இளஞ்சிவப்புக் கட்டையை டிஸ்க் வழியாக என்ஜின் பக்கத்துக் குழிவரை நுழைத்ததும் டிஸ்க் ஒரு சோற்றுப் பருக்கை அளவு நகர்ந்து நின்றது. அந்த ஒரு பருக்கை அளவுக்குத்தான் இத்தனையும். போல்ட்டுகளைக் குறுக்கு வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கிவிட்டுக் கட்டையை உருவினாள். வாடகை ஜாக்கியில் கியர்பாக்ஸை ஏற்றிச் சங்கிலி போட்டாள். இந்த முறை வீட்டுக்காரரைக் காருக்கு அடியில் படுக்கவே விடவில்லை. பக்கவாட்டில் நின்று கைப்பிடியை மட்டும் அழுத்தினார். அவள் தண்டை நேராக்கி, லேசாகத் திருப்பித் தள்ளினாள்.

'க்ளக்' என்றது. இடைவெளி இல்லை. அவள் விரலை வைத்துச் சுற்றிலும் தடவிப் பார்த்தாள். எங்கும் இல்லை. அப்படியே காருக்கு அடியில் படுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் எழுந்திருக்காமல் இருந்தாள்.

"ஒனக்கு ஒண்ணும் ஆகலியே?" என்றார் வீட்டுக்காரர் குனிந்து.

"ஒண்ணும் ஆகல. அழறேன், அவ்வளவுதான்."

ஆனால் தண்டுகள், ஸ்டார்ட்டர், எண்ணெய், பேட்டரி எல்லாம் இன்னும் வெளியே கிடந்தன. வெளிச்சம் போய்விட்டது. எதற்காக இத்தனை அவசரப்பட்டாளோ அந்தத் திங்கட்கிழமை காலை, அவர்கள் வாடகைக் காரில்தான் போனார்கள். ஓட்டுநர் ஒரு பெண். தம்பியின் கையைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே ஒவ்வொரு வேகத்தடையிலும் தொட்டில் ஆட்டுவதுபோல ஏறி இறங்கினாள். திரும்பும்போதும் தானே வருவதாகச் சொல்லித் தன் ஃபோன் எண்ணைக் கொடுத்தாள்.

நர்ஸ் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நடு முன்கையில் நாவல்பழ நிறத்தில் கன்றியிருந்தது. விரல் வைத்தார், ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார், அவள் முகத்தைப் பார்க்காமல் பெரிய டாக்டரைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் வந்து பார்க்கும் வரை இருபது நிமிடம். அவள் சுவரில் இருந்த தீயணைப்பு விதிகளை எட்டு முறை படித்தாள்.

"கன்னிப்போன எடத்த விட்டுட்டு, மேல தள்ளிப் போட்டுப் பாருங்க" என்றார் டாக்டர்.

முதல் ஊசி இறங்கியது. தம்பி பல்லைக் கடித்தான். குழாய்க்குள் சிவப்பு ஏறியது. இரண்டாவது ஊசி. நர்ஸ் மெஷினைப் பார்த்தார். எண்கள் ஏறி, ஓர் இடத்தில் நின்றன.

"ஓடுது" என்றார் நர்ஸ். அப்புறம்தான் அவள் பக்கம் திரும்பினார். "இனிமே இவர் எதையாவது தூக்கினார்னு கேள்விப்பட்டேன், ஊசி ஒங்களுக்குத்தான்."

அன்று பிற்பகல் மீதி வேலையை முடித்தாள். முடித்துப் பார்த்தால் ஒரு டப்பியில் ஒரு போல்ட் மிச்சம். டப்பியின் மேல் எழுதியிருந்தது எண்ணெய் பட்டு அழிந்திருந்தது. ஒன்றரை மணி நேரம் டார்ச் அடித்துத் தேடினாள். வயர் கட்டைப் பிடித்துக்கொள்ளும் ஒரு தகட்டின் போல்ட் அது. அது இல்லாவிட்டாலும் கார் ஓடியிருக்கும். அவள்தான் ஓட்டியிருக்க மாட்டாள்.

சாவியைத் திருப்பும்போது வீட்டுக்காரர் கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டார். என்ஜின் பிடித்தது. கை பிரேக்கை இழுத்து, மூன்றாம் கியர் போட்டு, கிளட்ச்சை விட்டாள். கார் ஒரு முறை குலுங்கி, என்ஜின் சட்டென்று செத்தது.

"என்ன ஆச்சு?" என்றார் அவர் கேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து.

"ஆஃப் ஆயிடுச்சு."

"அய்யோ."

"ஆஃப் ஆகணும்ங்க. ஆஃப் ஆனாத்தான் நல்லது."

செவ்வாய்க்கிழமை ஜாக்கியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, மூணாம்நாள்காரர் சாவியை வாங்கித் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "கிளட்ச் கொஞ்சம் மேல புடிக்குது. கேபிள ரெண்டு சுத்து தளத்துங்க" என்றார். அதைத்தான் பாராட்டாக எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு பின் இருக்கையில் கிடந்த இளஞ்சிவப்புக் கட்டையைப் பார்த்துவிட்டார். கையில் எடுத்து உருட்டினார். நகத்தால் அதன் பள்ளங்களைத் தடவினார்.

"இத எனக்கு ஒண்ணு செஞ்சு குடுப்பீங்களா? இதே மாடல் வண்டி நெறைய வருது."

"செய்யலாம். மூணாம் நாள் வாங்க" என்றாள் அவள்.

அவருக்கு ஒரு கணம் கழித்துத்தான் புரிந்தது. புரிந்தபின் சிரிக்கவில்லை, கட்டையை மரியாதையாகத் திரும்ப வைத்தார்.

புதன்கிழமை அவளே ஓட்டிக்கொண்டு போனாள். கார் மேட்டில் ஒரு சத்தமும் இல்லாமல் ஏறியது. ஒவ்வொரு கியர் மாற்றும்போதும் அவள் இடது காலைக் கிளட்ச்சிலிருந்து எடுத்து, பக்கத்துத் தரையில் அழுத்தி வைத்தாள். "காலு எங்க?" என்று தம்பி கேட்டுக்கொண்டே வந்தான். "தரையில." "இப்ப?" "தரையிலதான்டா."

ஸ்கேன், வாடகைக் கார், ஜாக்கி எல்லாம் சேர்ந்து, கராஜுக்குக் கொடுக்காமல் மிச்சம் பிடித்த கூலியில் பெரும்பகுதியை விழுங்கிவிட்டன. வீட்டுக்காரரின் அலுவலகத்தில் ஒருவர், தன் காருக்கும் கிளட்ச் போய்விட்டது, வீட்டிலேயே மாற்றலாமா என்று அவளைக் கேட்கச் சொல்லி அனுப்பினார். சரியான ஜாக்கியும் நாலு நல்ல கையும் இருந்தால் மாற்றலாம், அந்தக் கைகளில் ஒன்றுகூட நோயாளியின் கையாக இருக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பினாள். அவர் கராஜுக்குப் போய்விட்டதாகக் கேள்வி.

பயம் மட்டும் உடனே இறங்கவில்லை. எண்ணெய் கசிகிறதா, எங்காவது ஒரு போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று அவளுக்கு ஓயாத சந்தேகம். இரவு காரை நிறுத்தியதும் கியர்பாக்ஸுக்கு நேர் கீழே ஒரு வெள்ளை அட்டையைப் போட்டு வைப்பாள். காலையில் முதல் வேலையாக முட்டிபோட்டு அதை இழுத்துப் பார்ப்பாள். ஒருநாள் ஈரமாக ஒரு பொட்டு இருந்தது. தொட்டு, முகர்ந்து, நாக்கிலும் வைத்துப் பார்த்தாள். தண்ணீர். இன்னொரு நாள் பூனையின் காலடித் தடம், நிஜப் பூனை. தம்பி அதற்கு இரண்டு நாள் சிரித்தான். அவன் கையில் கன்றிய நிறம் நாவலிலிருந்து பச்சைக்கும் பச்சையிலிருந்து மஞ்சளுக்கும் மாறி, ஒரு மாதத்தில் மறைந்தது.

அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, ஆஸ்பத்திரியின் கார் நிறுத்தும் இடத்தில், தம்பிக்காகக் காத்திருக்கும்போது மடியில் வைத்து ஒரு கீழ்ப்பல் செட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். காலையில் அட்டையைப் பார்த்தோமா என்று திடீரென்று யோசித்தாள். பார்க்கவில்லை. முந்தின இரவு அதைப் போடவே இல்லை. அவள் பல்லை ஒரு முறை ஊதி, மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள்.